பச்சைக் கிண்ணம் என் பங்குக்கு வந்தது

வெயில் உச்சத்துக்கு ஏறிவிட்டால் எங்கள் காஷான் கடைவீதியில் பகல் சாப்பாட்டுக்கு யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. மோரும் வெள்ளரிக்காயும்தான். ஆப்தூக் என்று எங்கள் ஊரில் அதற்குப் பெயர். செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கெட்டித் தயிரைக் குளிர்ந்த தண்ணீர் விட்டு உப்புப் போட்டுக் கடைய வேண்டும். பிஞ்சு வெள்ளரிக்காயைப் பொடியாக அரிந்து போட வேண்டும். வெங்காயத்தாள், துளசி மாதிரி மணக்கும் ரைஹான் கீரை, அதற்குப் பிறகு உடைத்த வால்நட், உலர்ந்த திராட்சை. காய்ந்த புதினாவை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மேலே தூவ வேண்டும், அதன் மேல் ரோஜா இதழ்ப் பொடி. பிறகு பனிக்கட்டி. கடைசியில்தான் ரொட்டி. அப்பளம் மாதிரி காய்ந்த ரொட்டியை நொறுக்கிப் போட்டுவிட்டால் அப்புறம் வேறு வேலை பார்க்கக் கூடாது. உடனே உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ஊறிக் கூழாகிவிடும்.

நானும் கொத்ரத்தும் கூட்டுக் கடை வைத்திருந்த காலத்தில் இதை ஒருவராக யாரும் செய்ததில்லை. ஈரமானதெல்லாம் என் வீட்டிலிருந்து வரும், காய்ந்ததெல்லாம் அவன் வீட்டிலிருந்து வரும். என் மனைவி தூபா போட்ட தயிர், எங்கள் கொல்லையில் காய்த்த வெள்ளரிக்காய், கீரை. அவன் மனைவி இஸ்மத் காயவைத்த ரொட்டி, புதினா, ரோஜா இதழ், வால்நட். தெர்மாஸில் பனிக்கட்டியை யார் முதலில் கடை திறக்கிறார்களோ அவர்கள் கொண்டுவருவது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரலாம்தான். ஆனால் இரண்டு வீடும் ஊருக்கு வெளியே புதிய குடியிருப்பில். அந்த வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய் வருவதற்குப் பட்டினி கிடக்கலாம். அதனால் கதவைப் பாதி இறக்கிவிட்டு, பெரிய பச்சைக் கிண்ணத்தில் எல்லாவற்றையும் கலந்து, இரண்டு ஸ்பூனைப் போட்டு, தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

எங்களுடையது கண்ணாடிக் கடை. நான், அமானுல்லா, கண்ணாடி அறுப்பவன். கொத்ரத் சட்டம் போடுபவன். ஊரார் எங்களை 'உஸ்தா' என்பார்கள், கைத்தொழில் ஆசான் என்று அர்த்தம். சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடிகள் சாய்த்து வைத்திருக்கும். சாப்பிடும்போது நிமிர்ந்தால் நாங்கள் இரண்டு பேர் இல்லை, ஒரு கல்யாணப் பந்தி.

அவனுக்கு உலர்ந்த திராட்சை ஆகாது. "ஈ விழுந்த மாதிரி இருக்கு" என்பான். எனக்கு அது இல்லாமல் இறங்காது. நான் போடுவேன், அவன் தன் பக்கம் மிதந்து வருவதையெல்லாம் ஸ்பூன் நுனியால் என் பக்கம் தள்ளுவான். வேறு பேச்சுப் பேசிக்கொண்டே தள்ளுவான்.

அவன் மகன் பெஹ்ரூஸுக்குக் கல்யாணம் வந்தது. மணமக்கள் முன்னால் வைக்கிற கண்ணாடியை நான்தான் அறுத்தேன். ஓரத்தை நானே சாய்த்துத் தேய்த்தேன், விற்கிற கண்ணாடிக்கு அவ்வளவு பாடுபட மாட்டேன். சட்டத்தை அவன் செய்தான். கடைவீதி முழுக்கப் பத்திரிகை போனது. சாயப் பட்டறைக்காரனுக்குப் போனது, தேநீர் சமோவாருக்கு ஈயம் பூசுகிறவனுக்குப் போனது, வாசலில் தண்ணீர் தெளிக்கிறவனுக்குப் போனது. எனக்கு வரவில்லை. இன்று தருவான், நாளை தருவான் என்று இருந்தேன். கல்யாணத்தன்று மாலை புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். தூபா வந்து பார்த்தாள்.

"கிளம்புங்க. நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு யாராவது இப்படி உக்காந்திருப்பாங்களா?"

"கூப்பிடலையே."

"உங்களைக் கூப்பிடணுமா?"

"ஈயம் பூசுறவனைக் கூப்பிட்டிருக்கான்."

கோட்டைக் கழற்றினேன். நான் அறுத்த கண்ணாடி கல்யாணத்துக்குப் போனது. நான் போகவில்லை.

அடுத்த நாள் கொத்ரத் கடைக்கு வந்தான். முகம் செத்துப் போயிருந்தது.

"ஏன் வரல?"

"பத்திரிகை வரல."

"என் வலது கைக்கு நான் பத்திரிகை வெப்பேனா?" என்றான். அவ்வளவுதான். பொதுவாக எங்கள் ஊரில் சொந்த வீட்டு ஆட்களுக்குப் பத்திரிகை கொடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் சொந்தம் வேறு, சிநேகிதம் வேறு என்று நான் நினைத்தேன். அவன் அப்படி நினைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு கடையில் இருவர் உட்கார முடியவில்லை. எதிரே ஒரு கடை காலியாக இருந்தது. சட்டங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டான். தன் ஸ்பூனை எடுத்துக்கொண்டான். பச்சைக் கிண்ணம் என் பங்குக்கு வந்தது.

நடுவில் இருப்பது குறுகிய சந்து. மோட்டார் சைக்கிள் வந்தால் இரண்டு பேரும் காலை இழுத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் தொழில் நின்றுவிடவில்லை. என்னிடம் கண்ணாடி வாங்குகிறவர்களிடம் "சட்டத்துக்கு எதிர்க்கடை" என்பேன். அவனிடம் சட்டம் பார்க்கிறவர்களிடம் "கண்ணாடிக்கு எதிர்க்கடை" என்பான். வாடிக்கையாளர்கள்தான் எங்களுக்குத் தபால்காரர்கள்.

பிரிந்த பிறகு வந்த முதல் வெயில் நாளில் நான் தனியாகக் கிண்ணத்தைக் கலந்துகொண்டு உட்கார்ந்தேன். அவன் எதிரில் ஒரு சின்னப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தான். சாப்பிடும்போது எதிரில் ஒருவர் இருந்தால் கூப்பிடாமல் வாயில் வைக்க முடியுமா?

"வாங்க, சாப்பிடலாம்" என்றேன்.

அவன் ஸ்பூனை அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். பிறகு தலையை ஆட்டி, "உடம்புல ஒட்டட்டும்" என்றான். வேண்டாம், நீங்களே சாப்பிடுங்கள் என்பதற்கு, யார் கூப்பிட்டாலும் எல்லோரும் சொல்கிற பதில்தான் அது.

அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் அப்படியே. ஒரு நாள் நான் முந்திக்கொள்வேன், ஒரு நாள் அவன். "வாங்க." "உடம்புல ஒட்டட்டும்." நீ, வா, போ என்று வாழ்ந்தவர்கள் வாங்க, போங்க என்று ஆகிவிட்டோம். பார்க்கிறவர்களுக்கு எங்களைப் போல மரியாதை தெரிந்தவர்கள் இல்லை.

தூபா இறந்தபோது கொத்ரத் வந்தான். பெட்டியைத் தூக்கினான், வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தான், என் செருப்பைத் தேடி எடுத்துக் காலருகே வைத்தான். நாற்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் எதிர்க்கடையில் போய் உட்கார்ந்துகொண்டான். மறுநாள் பகலில், "வாங்க, சாப்பிடலாம்" என்று அவன்தான் முதலில் சொன்னான். நான் "உடம்புல ஒட்டட்டும்" என்றேன்.

தூபா போன பிறகு தயிர் கடையில் வாங்குவதுதான். புதினாவும் கடையில் வாங்குவதுதான், அதில் பாதி காம்பு. கிண்ணத்தைப் பாதிகூட நிரப்ப மாட்டேன். மதியத்தில் மின்சாரம் போய்விடும், காற்றாடி நிற்கும், சந்தில் சத்தமே இருக்காது. கடைசியாக வீட்டுக்குப் போகிறவர்கள் வேகமாக நடந்து போவார்கள். ஒவ்வொருவரையும் "வாங்க" என்பேன். ஒவ்வொருவரும் "உடம்புல ஒட்டட்டும்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நிஜமாகவே உட்கார்ந்துவிட்டால் நானே திகைத்துப் போவேன். சுவரில் பல அமானுல்லாக்கள் சேர்ந்து மெல்லுவார்கள். நிமிராமல் சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

இந்தக் கோடையில் கண்ணாடி வாங்க வந்த ஒரு அம்மாள்தான் சொன்னார்.

"உஸ்தா, சட்டத்துக்கு இனிமே யார்கிட்ட போறது? எதிர்க்கடைக்காரர் கடையைக் கொடுத்துட்டாராமே."

"யார் சொன்னா?"

"அவரேதான். இஸ்ஃபஹான்ல மகனோட இருக்கப் போறாராம். வீட்டம்மா முன்னாடியே போயாச்சாம், பேரப் பிள்ளைய பாத்துக்க. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி சாமானெல்லாம் லாரியில ஏத்திடுவாராம். உங்களுக்குத் தெரியாதா? எதிர்லயே உக்காந்திருக்கீங்க!"

தெரியும் என்று தலையாட்டினேன். அந்த அம்மாளின் கண்ணாடியை ஒரு விரற்கடை குறைத்து அறுத்துவிட்டேன். வேறு துண்டு எடுக்க வேண்டியதாயிற்று.

அன்றே முடிவு செய்தேன். அந்தக் கதவு இறங்குவதற்குள் ஒரு தடவையாவது அவன் என்னோடு பச்சைக் கிண்ணத்தில் சாப்பிட வேண்டும். மன்னிப்பு, சமாதானம் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. ஒரு தடவை சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் வழக்கமான வழியில்தான் முயன்றேன். சாப்பிடும் நேரத்தில் எழுந்து நின்று கூப்பிட்டேன்.

"வாங்க, சாப்பிடலாம்."

"உடம்புல ஒட்டட்டும்."

"நிஜமாத்தான் கூப்பிடறேன்."

"நிஜமாத்தான் சொல்றேன். நல்லா ஒட்டட்டும்."

"உபசாரத்துக்குச் சொல்லல."

"சேச்சே, நீங்க உபசாரத்துக்குச் சொல்லுவீங்களா?" என்றான். அதைவிட உபசாரமாக யாரும் பேச முடியாது. பக்கத்துச் சாயப் பட்டறையிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். "உஸ்தா, அவர் வரலேன்னா நான் வரட்டுமா?" என்றான். "வா" என்றேன். "ஐயோ, உடம்புல ஒட்டட்டும்" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

எப்படிக் கூப்பிட்டால் கூப்பிட்ட மாதிரி ஆகும்? சாயங்காலம் வரை அதையே யோசித்தேன். பிறகு, வராத பத்திரிகையால் வந்த வினைதானே, பத்திரிகையாலேயே தீர்த்துவிடலாம் என்று தோன்றியது. அச்சகத்துக்குப் போய், பெயர் அடிக்காத கல்யாணப் பத்திரிகை ஒன்று வாங்கினேன். ஓரத்தில் தங்கப் பூ போட்டது. கடையில் உட்கார்ந்து, கோடு போட்டு, கோட்டின் மேல் எழுதினேன். 'பெருமதிப்புக்குரிய கொத்ரத் அவர்கள் புதன்கிழமைப் பகல் தொழுகைக்குப் பின், எதிர்க்கடையில் நடைபெறும் மோர் வெள்ளரிக்காய் விருந்துக்கு வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறேன். இங்ஙனம், அமானுல்லா.' கோட்டை ரப்பரால் அழித்தேன்.

காலையில் கடை திறந்ததும் சந்தைக் கடந்து போய் அவன் கடைப் படியில் நின்றேன். உள்ளே ஏறவில்லை. அவன் சட்டங்களைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். சுவரில் ஆணிகளும் ஒரே ஒரு சட்டமும்தான் மிச்சம்.

"என்ன இது?"

"பத்திரிகை."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். "கல்யாணமா? உங்களுக்கா? பொண்ணு யாரு?"

"பொண்ணு இல்ல. வெள்ளரிக்காய்."

உதடு கொஞ்சம் அசைந்தது. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு முழுதும் படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"எழுத்து இன்னும் அப்படியே இருக்கு. பள்ளிக்கூடத்துலயும் உங்களுக்குத்தானே எழுத்துக்குப் பரிசு."

"வருவீங்களா?"

அவன் சுவரில் மிச்சமிருந்த ஒரே சட்டத்தின் மூலையில் பத்திரிகையைச் செருகி வைத்தான். அதைப் பார்த்துக்கொண்டே பேசினான், என்னைப் பார்க்காமல்.

"தூபா போனப்ப எனக்கு யாரு பத்திரிகை வெச்சா, அமானுல்லா?"

நான் படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"நான் வரலையா?" என்றான். பிறகு குனிந்து அடுத்த சட்டத்தைச் சுற்ற ஆரம்பித்தான்.

அதை வருகிறேன் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கடைவீதி முழுக்க அலைந்து காம்பில்லாத புதினா வாங்கினேன். நல்ல வால்நட் வாங்கினேன். தொழுகை முடிந்ததும் கிண்ணத்தை விளிம்பு வரை கலந்தேன். அவன் பக்கத்தில் மட்டும் திராட்சை போடவில்லை. இரண்டு ஸ்பூன் வைத்தேன், அவனுக்கு வைத்தது புதிது. எதிர்க்கடையில் ஆள் அசைவது தெரிந்தது. வந்துவிடுவான் என்று ரொட்டியையும் நொறுக்கிப் போட்டேன். ரொட்டி விழுந்ததைப் பார்த்துவிட்டு எங்கள் ஊரில் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு கணக்கு.

அவன் கதவைப் பாதி இறக்கினான். கீழே அவன் கால் மட்டும் தெரிந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவன் ஸ்பூன் பாத்திரத்தில் இடிக்கிற சத்தம் கேட்டது.

ரொட்டி ஊறியது. முதலில் ஓரம் மடங்கியது, பிறகு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி மேலே எழும்பியது. பனிக்கட்டி கரைந்துபோனது. ரொட்டியை எறிய மனம் வராது. இரண்டு பேர் சாப்பாட்டை நானே சாப்பிட்டேன், முடிந்த வரைக்கும். மீதியைக் கூரை மேல் புறாக்களுக்கு வைத்தேன். கீழே இறங்கி வந்தபோது சுவரிலிருந்த அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்படி நின்றபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அத்தனை வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டோமே, அதில் ஒரு நாளாவது அவன் என்னை "வா, சாப்பிடு" என்று கூப்பிட்டிருக்கிறானா? நான் அவனைக் கூப்பிட்டிருக்கிறேனா? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ரொட்டி நொறுங்குகிற சத்தம் கேட்டால் கையிலிருப்பதை வைத்துவிட்டு வந்து உட்காருவோம். கடைக்கு வருகிறவர்களைத்தான் வாங்க, வாங்க என்போம். பிரிந்த பிறகு முதல் நாள் நான் "வாங்க" என்றபோது அவன் கையில் ஸ்பூன் ஏன் அப்படி நின்றது என்று இப்போது புரிந்தது. அதற்குப் பிறகு எத்தனை கோடை, எத்தனை வாங்க. அதற்கெல்லாம் மேலே தங்கப் பூப் போட்ட பத்திரிகை வேறு.

மறுநாள் சாயங்காலம் லாரி வருவதாக இருந்தது. பகல் தொழுகை முடிந்து வந்தேன். நான் எதையும் கலக்கவில்லை. பச்சைக் கிண்ணம் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது. மின்சாரம் போயிற்று. எதிரே ரொட்டி நொறுங்குகிற சத்தம் கேட்டது.

என் ஸ்பூனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சந்தைக் கடந்தேன். பாதி இறங்கிய கதவுக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கெட்டுவிடும் என்று பயம். அவன் கட்டி வைத்த மூட்டைகளுக்கு நடுவில், தகரப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்த்தான். உட்காரச் சொல்லவில்லை. நானாக ஒரு மூட்டையை நகர்த்திவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். முழங்கால் சத்தம் போட்டது. ஸ்பூனை எடுத்துப் பாத்திரத்தில் விட்டேன்.

அவன் தன் ஸ்பூனை நிறுத்திவிட்டு என் ஸ்பூனையே பார்த்தான். பிறகு பாத்திரத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் தள்ளி வைத்தான்.

நான் அள்ளி வாயில் வைத்தேன். இஸ்மத்தின் புதினா. அதே ரோஜா. மென்றபோது பல்லில் இனிப்பாக ஒன்று பட்டது. குனிந்து பார்த்தேன். மோருக்கு மேலே உலர்ந்த திராட்சை மிதந்தது, நிறைய.

"நீ எப்பலேருந்து திராட்சை திங்கறே?"

"நான் எங்கே திங்கறேன்? ஒதுக்கி ஓரமா வெச்சுடுவேன்."

"அப்புறம் ஏன் போடறே?"

"கை போடுது" என்றான்.

தன் பக்கம் வந்த ஒன்றை ஸ்பூன் நுனியால் என் பக்கம் தள்ளினான். பிறகு இருவரும் குனிந்து சாப்பிட்டோம். ரொட்டி ஊறுவதற்கு முன் சாப்பிட வேண்டுமே. வியர்வை இரண்டு பேருக்கும் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. இருவரும் வேகமாகச் சாப்பிடுகிறவர்கள் அல்ல, ஆனாலும் சீக்கிரம் தீர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

அடியில் தங்கிய மோரை அவன் பாத்திரத்தோடு என்னிடம் நீட்டினான். நான் குடித்தேன்.

"பெஹ்ரூஸ் வீட்டுல அந்தக் கண்ணாடி இருக்கில்ல" என்றான்.

"எந்தக் கண்ணாடி?"

"எதுன்னு கேக்கறான் பாரு. அதுல ஒரு மூலைல மங்கலா இருக்குன்னு மருமக சொல்றா."

"பொய். நான் தேச்ச கண்ணாடி மங்காது."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா அவ சொல்றா. யாராவது வந்து பாத்தாத்தான் தெரியும்."

யார் வந்து என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

லாரி சந்துமுனையில் வந்து நின்றது. ஏற்றும்போது நானும் ஒரு கை கொடுத்தேன். எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை, 'பிடி', 'விடு', 'மூலை இடிக்குது' இவைதான். சுவரில் இருந்த கடைசிச் சட்டத்தை அவனே கழற்றினான். பத்திரிகை அதன் மூலையிலேயே இருந்தது. அதோடு சேர்த்துத் துணி சுற்றி, டிரைவர் பக்கத்தில் மடியில் வைத்துக்கொண்டு ஏறிக்கொண்டான். லாரி கண்ணிலிருந்து மறைகிற வரை நான் சந்துமுனையில் நின்றேன்.

இப்போது எதிர்க்கடையில் கைபேசி உறை விற்கிற ஒருவர் வரப்போவதாகச் சொல்கிறார்கள். இன்னும் வரவில்லை, கதவு இறங்கியே கிடக்கிறது. வெயில் குறைகிற வழியைக் காணோம். பகலில் தயிரைக் கடைகிறேன், வெள்ளரிக்காயை அரிகிறேன், வரிசை தப்பாமல்தான் செய்கிறேன். கண்ணாடிகளில் பார்க்காமல்தான் சாப்பிடுகிறேன். நேற்று சாயப் பட்டறைக்காரன் அந்த வழியாகப் போனான்.

"என்ன உஸ்தா, கூப்பிடவே மாட்டேங்கிறீங்க?" என்றான்.

"வாய் வரல" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். கிண்ணத்தில் எனக்கு எதிர்ப் பக்கத்தில் நாலைந்து திராட்சை ஒதுங்கிக் கிடந்தது. யாரும் இந்தப் பக்கம் தள்ளாததால் அங்கேயே கிடந்தது. எட்டி எடுத்துத் தின்றேன். ஸ்பூனைக் கழுவித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இஸ்ஃபஹான் பஸ் காலையில் எத்தனை மணிக்கு என்று யாரிடமாவது கேட்க வேண்டும்.